அமீர் கானை ஸ்டார் ஆக்கியது கையுறையா, டிவி பெட்டியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது 'லகான்' ஆமிர் கான் பற்றிய பதிவு இல்லை. இங்கிலாந்தின் போல்டன் ஊரில் பிறந்த குத்துச்சண்டைக்காரர் அமீர் கான் பற்றியது. இணையத்தில் இவர் பெயரைத் தேடினால் பாதிக்கு மேல் இந்தி நடிகர்தான் வந்து நிற்கிறார், பாவம்.

எங்கள் க்ளாஸில் விளையாட்டு பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வசனம் தவறாமல் வரும். "திறமை இருந்தா போதும் மச்சி, தானா மேல வந்துடுவான்." சச்சினுக்கும் இதே வசனம், மெஸ்ஸிக்கும் இதே வசனம். மேலே வருவது என்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. உலக சாம்பியன் ஆவதா, இல்லை விளையாட்டே பார்க்காத ஒரு பாட்டிக்கும் பெயர் தெரிவதா? இரண்டும் ஒன்று இல்லை. அமீர் கான் கதையில் இந்த இரண்டும் தனித்தனியாக, அதுவும் தலைகீழ் வரிசையில் நடந்தன. பாட்டிக்கு 17 வயதிலேயே அவரைத் தெரிந்துவிட்டது. சாம்பியன் ஆனது 22 வயதில். அவர் நிஜமாகவே உலகத்தரமான சண்டை போட்டபோது பாட்டி பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை. என்னைக் கேட்டால் பிரிட்டனில் ஒரு குத்துச்சண்டைக்காரர் பெரிய ஸ்டார் ஆவதை முடிவு செய்தது கையுறையை விட டிவி பெட்டிதான்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்கு பிரிட்டன் சார்பில் குத்துச்சண்டையில் தகுதி பெற்றது மொத்தமே ஒரே ஒருத்தர். பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போன குடும்பம், போல்டனில் பிறந்த 17 வயதுப் பையன், 60 கிலோ லைட்வெயிட் பிரிவு. பக்கத்து ஊரான பரியில் ஒரு சின்ன அமெச்சூர் க்ளப்பில் மிக் ஜெல்லி என்ற பயிற்சியாளரிடம் கற்றவர். அதே வருஷம் உலக ஜூனியர் பட்டமும் ஜெயித்திருந்தார். ஆனால் அது குத்துச்சண்டை உலகத்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

"ஒரே ஒருத்தர்" என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐந்து பேர் போயிருந்தால் கேமரா ஐந்து பக்கம் திரும்பியிருக்கும். ஒருத்தர்தான் என்பதால் பிபிசியிடம் இருந்த குத்துச்சண்டை நேரம் முழுவதும் இந்தப் பையனுக்கே போனது. முதலில் உள்ளூர் கிரேக்க வீரர், அடுத்து பல்கேரியாவின் ஷ்டிலியானோவ், அப்புறம் தென்கொரிய வீரரை முதல் ரவுண்டிலேயே நிறுத்தினார், அரையிறுதியில் கஜகஸ்தானின் யெலுவோவ். ஒவ்வொரு சண்டைக்கும் பார்வையாளர் வரிசையில் அப்பா ஷா கான் உட்கார்ந்திருப்பார், பிரிட்டிஷ் கொடியையே தைத்து மாட்டிய மாதிரி ஒரு வெய்ஸ்ட்கோட் போட்டுக்கொண்டு. மகன் குத்துவதை ஒரு தடவை காட்டினால், அப்பா குதிப்பதை ஒரு தடவை காட்டுவார்கள்.

அந்த வெய்ஸ்ட்கோட்டுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? மூன்று வருஷம் முன்னால், 2001 கோடையில், வட இங்கிலாந்தின் ஓல்டம், பர்ன்லி, பிராட்ஃபோர்டு ஊர்களில் இனக்கலவரம் நடந்தது. ஓல்டம், போல்டன் இருக்கும் அதே கிரேட்டர் மான்செஸ்டரில்தான் இருக்கிறது. தெற்காசிய இளைஞர்கள் என்றால் எரியும் காரும் கல்லெறியும்தான் செய்தியில் வரும் என்ற நிலைமை. அந்த ஊர்களில் வளர்ந்த மாதிரியே ஒரு பையன், தாடி மீசை கூட ஒழுங்காக முளைக்காதவன், பிரிட்டனுக்காக அடி வாங்கிக்கொண்டு சிரிக்கிறான். பத்திரிகைகளுக்கு இதை விட வேறு என்ன வேண்டும்? சண்டையைப் பற்றிப் பாதி எழுதினார்கள், அந்த வெய்ஸ்ட்கோட்டைப் பற்றி மீதி எழுதினார்கள்.

ஒலிம்பிக்ஸின் கடைசி நாளில் இறுதிப்போட்டி. எதிரே க்யூபாவின் மரியோ கிண்டெலான். சிட்னி 2000ன் தங்கப்பதக்கக்காரர், மூன்று தடவை அமெச்சூர் உலக சாம்பியன், கானை விட 15 வயது மூத்தவர். 30-22 என்று கிண்டெலான் ஜெயித்தார். வெள்ளியோடு ஊருக்கு வந்த கானுக்கு, தங்கம் வாங்கிய பலருக்குக் கிடைக்காத வரவேற்பு கிடைத்தது.

இங்கே கொஞ்சம் டெக்னிக்கலாக ஒரு விஷயம், பின்னால் தேவைப்படும். அப்போது அமெச்சூர் குத்துச்சண்டையில் கம்ப்யூட்டர் மார்க். ஐந்து ஜட்ஜ்களில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் பட்டனை அமுக்கினால்தான் ஒரு பாயின்ட். மெதுவாகத் தொட்டாலும் ஒரு பாயின்ட், ஆளையே ஆட்டிவிடும் குத்துக்கும் அதே ஒரு பாயின்ட். தலையில் பாதுகாப்புக் கவசம். இரண்டு நிமிட ரவுண்டு நான்கு, அவ்வளவுதான். கை வேகமாக இருக்கிறவனுக்கு இது சொர்க்கம். கானுடைய கை வேகம் அபாரம். ஆனால் அவர் தாடை எப்படிப்பட்டது என்ற கேள்வியே இந்த முறையில் அநேகமாக எழாது. அதாவது, நாடு முழுக்க அவரை நட்சத்திரமாக ஏற்றுக்கொண்டபோது அவருடைய மிக முக்கியமான பாகம் சோதிக்கப்படவே இல்லை. :-)

2005 மே மாதம், போல்டன் ரீபாக் ஸ்டேடியத்தில் மறுபடியும் கிண்டெலானோடு ஒரு அமெச்சூர் சண்டை. இந்தத் தடவை கான் ஜெயித்தார். ஒளிபரப்பியது ஐடிவி. சந்தா எதுவும் இல்லாமல் எல்லா வீட்டிலும் வரும் சேனல் (பிரிட்டனில் டிவி ஒளிபரப்பைப் பார்த்தாலே லைசென்ஸ் கட்டணம் உண்டு, அது தனிக்கதை). அதற்குப் பிறகுதான் ஃப்ராங்க் வாரன் என்ற பெரிய ப்ரொமோட்டரிடம் ஒப்பந்தம் போட்டு ப்ரொஃபஷனல் ஆனார். ஒரு பைசா பரிசுப்பணச் சண்டை போடும் முன்னாலேயே ஒரு தேசிய சேனல் அவருக்காகக் காத்திருந்தது. சாதாரணமாக ஒரு புதுப்பையன் பத்துப் பதினைந்து சண்டை சின்னச் சின்ன ஹால்களில், பாதி காலி நாற்காலிகளுக்கு முன்னால் போட்ட பிறகுதான் டிவி வாசல் திறக்கும்.

முதல் ப்ரொஃபஷனல் சண்டை 2005 ஜூலை 16, போல்டனில். ஒன்பது நாள் முன்னால்தான், ஜூலை 7ல், லண்டன் ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் செத்துப்போனார்கள். குண்டு வைத்த நான்கு பேரில் மூன்று பேர் பாகிஸ்தான் வம்சாவளி, வட இங்கிலாந்தில் வளர்ந்தவர்கள். 18 வயதுப் பையனிடம் அந்த வாரம் நிருபர்கள் கேட்டது எதிராளி டேவிட் பெய்லி பற்றி மட்டும் இல்லை, பயங்கரவாதம் பற்றியும்தான். அவரும் பொறுமையாகக் கண்டித்துப் பேசினார். பெய்லியை முதல் ரவுண்டிலேயே முடித்தார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும். இங்கே நம்மில் பலருக்கு 18 வயதில் செமஸ்டர் ஃபீஸ் கட்டும் வரிசையில் பேசத் தெரியாது. அவர் ஒரு சமூகத்துக்கே வக்கீலாக நிற்க வேண்டியிருந்தது. ஸ்டார் அந்தஸ்தின் விலையில் ஒரு பகுதி இது. வேறு எந்த வெள்ளைக்கார பாக்ஸரிடமும் யாரும் இந்த விலையைக் கேட்கவில்லை.

சரி, இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ் குத்துச்சண்டையில் பெரிய ஸ்டார் ஆக அந்தக் காலத்தில் இரண்டு வழி இருந்தது என்பது என் எண்ணம். ஒன்று பப் வழி. இன்னொன்று வரவேற்பறை வழி.

பப் வழிக்கு ரிக்கி ஹாட்டனை விட நல்ல உதாரணம் கிடையாது. அதே கிரேட்டர் மான்செஸ்டர்க்காரர், கவுன்சில் குடியிருப்பில் வளர்ந்தவர், மான்செஸ்டர் சிட்டி ரசிகர். சண்டை இல்லாத மாதங்களில் பீரும் பொரியலுமாக உடம்பு ஊதி, 'ரிக்கி ஃபேட்டன்' என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வார். வாரக்கடைசியில் பப்பில் நம்மோடு உட்காரக்கூடிய ஆள் என்று ரசிகர்கள் நினைத்தார்கள். அது உண்மையும் கூட. அவர் சண்டை என்றால் கூட்டமாகக் குடித்து, கூட்டமாகப் பாடி, கூட்டமாக விமானம் ஏறுவார்கள். அவர்களுக்குக் காசு கொடுத்துப் பார்ப்பது ஒரு பொருட்டே இல்லை, பப்பே காசு கட்டித் திரையில் போட்டுவிடும். ஹாட்டன் 2025 செப்டம்பரில் 46 வயதில் இறந்தபோது மான்செஸ்டர் தெருக்களில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த அன்பு என்ன என்று தெரியும்.

கானுக்கு இந்த வழி இல்லை. அவர் குடிக்காத முஸ்லிம் பையன். பப்பில் அவருக்கு நாற்காலி கிடையாது, அல்லது அவராகவே போய் உட்கார மாட்டார். அவருக்கு இருந்தது இரண்டாவது வழி. சனிக்கிழமை ராத்திரி, சாப்பாடு முடிந்து, அம்மா, பாட்டி, குழந்தைகள் எல்லோரும் இருக்கும் அறையில் ஐடிவி ஓடுகிறது, நடுவில் அந்தச் சிரித்த முகப் பையன் வருகிறான், யாரையோ இரண்டு ரவுண்டில் சாய்த்துவிட்டு அப்பாவைக் கட்டிப்பிடிக்கிறான். இதற்கு ரசிகர் மன்றம் வேண்டாம், பாட்டுத் தெரிய வேண்டாம், பீர் வேண்டாம்.

ஒரு தேதி இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறது. 2007 டிசம்பர் 8. அன்று ராத்திரி லாஸ் வேகாஸில் ஹாட்டன் - ஃப்ளாய்ட் மேவெதர் சண்டை, பிரிட்டனில் தனியாகக் காசு கட்டியவர்களுக்கு மட்டும். பல்லாயிரம் பேர் இங்கிலாந்திலிருந்து வேகாஸுக்கே போய், டிக்கெட் இல்லாதவர்கள் தெருவிலும் பார்களிலும் பாடிக்கொண்டிருந்தார்கள். அதே நாள் போல்டனில், ஐடிவியில், எல்லோருக்கும் இலவசமாக, கான் கிரகாம் ஏர்ல் என்பவரை 72 நொடியில் முடித்தார். அன்று அவருக்கு 21வது பிறந்தநாள் வேறு.

அந்த வருஷங்களின் எதிராளிகளைப் பார்த்து "எல்லாம் டம்மி பீஸ்" என்று சிரிப்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. புதுப்பையனை வளர்ப்பது என்றால் குத்துச்சண்டையில் அப்படித்தான். முதலில் தோற்பதற்கென்றே சம்பளம் வாங்கும் அனுபவசாலிகள், பிறகு கொஞ்சம் திருப்பி அடிப்பவர்கள், பிறகு உள்ளூர் சாம்பியன்கள் என்று படிப்படியாக ஏற்றுவார்கள். ஆனால் கானுடைய சண்டைகள் அப்போதே போரடிக்கவில்லை, அதுதான் விஷயம். 2007 ஜூலையில் வில்லி லிமண்ட் அவரைத் தரையில் உட்கார வைத்தார். எழுந்து வந்து லிமண்டையே முடித்து காமன்வெல்த் பட்டம் வாங்கினார். 2008 ஜூனில் மைக்கேல் கோமஸும் ஒரு தடவை விழ வைத்தார், மறுபடி எழுந்து ஜெயித்தார். வேகமான கை, நம்ப முடியாத தாடை. ஒரு டிவி தயாரிப்பாளர் ஆர்டர் கொடுத்துச் செய்தாலும் இப்படி ஒரு கலவை கிடைக்காது. எந்த நொடியும் எதுவும் நடக்கலாம்.

இங்கே ஒருத்தர் குறுக்கே கேட்கலாம். "இலவச டிவிதான் எல்லாம் என்றால் ஆட்லி ஹாரிசன் ஏன் ஸ்டார் ஆகவில்லை?" நியாயமான கேள்வி. 2000 சிட்னியில் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம், பிபிசியோடு பத்துச் சண்டைக்கு ஒரு மில்லியன் பவுண்டு ஒப்பந்தம். கானை விடப் பெரிய பதக்கம், கானைப் போலவே எல்லா வீட்டிலும் வரும் சேனல். ஆனாலும் சில வருஷத்தில் பிபிசி கையைக் கழுவிவிட்டது. காரணம், அவர் ப்ரொஃபஷனல் ஆனபோதே 29 வயது, சண்டைகள் தூக்கம் வரவைத்தன, எதிராளிகள் நகைப்புக்கு ஆளானார்கள். வரவேற்பறை கதவைத் திறந்துவிடும், ஆனால் உள்ளே வருபவனிடம் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். கானிடம் இருந்தது. அதனால்தான் அடுத்து நடந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2008 செப்டம்பர் 6, மான்செஸ்டர். 18 சண்டை, 18 வெற்றி. முதல் தடவையாகக் கான் சண்டை ஸ்கையில், தனியாகக் காசு கட்டிப் பார்க்கும் முறையில். 1996ல் ஃப்ராங்க் புரூனோ - டைசன் சண்டையில்தான் பிரிட்டனில் இந்த முறையே தொடங்கியது. அதற்கு மூன்று வருஷம் முன், 1993ல், நைஜல் பென் - கிறிஸ் யூபாங்க் இரண்டாவது சண்டையை ஐடிவியில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் மக்கள் பார்த்திருந்தார்கள். 1985ல் பேரி மெக்கீகன் உலக சாம்பியன் ஆனபோது பிபிசியில் கிட்டத்தட்ட இரண்டு கோடி. பணம் கட்டும் முறையில் பத்து லட்சம் பேர் வாங்கினாலே அது பிரம்மாண்ட வெற்றி. கணக்கு ப்ரொமோட்டருக்கு இனிக்கும். ஒரு கோடிப் பேர் சும்மா பார்ப்பதை விட சில லட்சம் பேர் காசு கொடுத்துப் பார்ப்பது லாபம். புகழின் கணக்கு வேறு, பணத்தின் கணக்கு வேறு.

எதிரே கொலம்பியாவின் ப்ரெய்டிஸ் ப்ரெஸ்காட். 19 சண்டை, 19 வெற்றி, அதில் 17 நாக் அவுட். கான் தரப்பு இந்த ஆளை ஏன் தேர்ந்தெடுத்தது என்பது இன்றும் புரியாத புதிர். 54 நொடி. இரண்டு தடவை விழுந்தார், இரண்டாவது தடவை விழுந்ததோடு கதை முடிந்தது.

அந்த 54 நொடியைக் காசு கட்டிப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் செய்தியிலும் இணையத்திலும் அதை அத்தனை பேரும் பார்த்தார்கள். இலவசமாக! அதாவது, வெற்றியைப் பார்க்கத்தான் டிக்கெட், தோல்வி எல்லோருக்கும் ஃப்ரீ. சந்தா டிவிக்குப் போன ஒவ்வொரு வீரருக்கும் இந்த அநியாயக் கணக்கு உண்டு, கானுக்கு முதல் நாளிலேயே நடந்தது.

இதற்குப் பின் அவர் செய்ததுதான் உண்மையான சாதனை. ஹாலிவுட்டில் ஃப்ரெடி ரோச்சின் 'வைல்ட் கார்ட்' ஜிம்முக்குப் போனார். மேனி பக்கியாவ் பயிற்சி எடுத்த அதே இடம். ரோச் அவருடைய கால்களை வேலை செய்ய வைத்தார், குத்திவிட்டு அங்கேயே நிற்காமல் நகரக் கற்றுக்கொடுத்தார். பத்தே மாதத்தில், 2009 ஜூலையில், உக்ரைனின் ஆந்த்ரே கோடெல்னிக்கைப் பாயின்டில் தோற்கடித்து டபிள்யூபிஏ லைட்-வெல்டர்வெயிட் உலக சாம்பியன். வயது 22. 54 நொடியில் விழுந்தவன் பத்து மாதத்தில் உலக சாம்பியன் என்பது சினிமாவில் வந்தால் லாஜிக் இல்லை என்போம்.

2010 டிசம்பர், லாஸ் வேகாஸ், அர்ஜென்டினாவின் மார்கோஸ் மைதானா. என்னைப் பொறுத்தவரை கான் வாழ்க்கையின் உச்சம் அதுதான். முதல் ரவுண்டிலேயே வயிற்றில் ஒரு குத்து, மைதானா முகம் கோணி மடங்கி விழுந்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது, எழுந்துவிட்டார். பத்தாவது ரவுண்டில் கணக்கு தலைகீழ். கான் கயிற்றோரம் தள்ளாடுகிறார், கால் சொன்ன பேச்சு கேட்கவில்லை, ஒவ்வொரு குத்துக்கும் தலை திரும்புகிறது. விழவில்லை. ப்ரெஸ்காட்டுக்குப் பின் எல்லோரும் கேலி செய்த அதே தாடைதான் அத்தனையும் வாங்கியது. கடைசி மணி அடித்தபோது மூன்று ஜட்ஜ்களும் கானுக்கே கொடுத்தார்கள். அமெரிக்க பாக்ஸிங் எழுத்தாளர்கள் அதை அந்த வருஷத்தின் சிறந்த சண்டையாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

போல்டன் பாட்டி இதைப் பார்த்தாரா? பிரிட்டனில் அது ஞாயிறு விடியற்காலை, சந்தா சேனலில். 2004ல் பதக்கம் வாங்கிய பையனையும், 2008ல் தரையில் கிடந்த பையனையும் பார்த்த ஜனங்கள், அந்தப் பத்தாவது ரவுண்டைத் தாங்கி நின்ற ஆளைப் பார்க்கவே இல்லை. அதற்கு நாலு மாதம் கழித்து, 2011 ஏப்ரலில், சொந்த ஊர்ப் பக்கம் மான்செஸ்டரிலேயே சண்டை. அதைத் தனிக்கட்டணத்துக்கு விற்க முடியாது, சாதாரண சந்தா சேனலில் போடுகிறோம் என்று ஸ்கை சொன்னது. கான் தரப்பு ஒத்துக்கொள்ளாமல் 'ப்ரைம்டைம்' என்று அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு கட்டணச் சேனலுக்கு எடுத்துக்கொண்டு போனது. உலக சாம்பியன், சொந்த மண், ஆனால் எந்த சேனலில் என்று தேட வேண்டிய நிலைமை.

இதற்கு நடுவில், 2009 கடைசியில், அவர் ஒரு பேட்டியில் சொன்னது பெரிய சர்ச்சை ஆனது. தான் ஒரு வெள்ளை ஆங்கிலேயனாக இருந்திருந்தால் இன்னும் பெரிய சூப்பர் ஸ்டாராக இருந்திருப்பேன் என்கிற பொருளில் பேசினார். பலர் கொதித்தார்கள். "நாடே தூக்கி வைத்துக் கொண்டாடியது, நன்றி இல்லையா" என்று ஒரு பக்கம். "உள்ளதைத்தானே சொன்னார்" என்று இன்னொரு பக்கம்.

என் பார்வையில் அவர் சொன்னது பாதி சரி. அரங்கத்தில் அவரை வசைபாடிய கூட்டம் இருந்தது, அதில் இனவெறி இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஹாட்டனுக்குத் திறந்த பப் கதவு அவருக்குத் திறக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவருக்கென்று திறந்திருந்த இன்னொரு கதவு, வரவேற்பறைக் கதவு, நிறத்தைப் பார்த்து மூடப்படவில்லை. அதை மூடியது பணக்கணக்கு. கானே, வாரனே, சேனல்களே சேர்ந்து மூடினார்கள். இதில் கொடுமை என்னவென்றால், பப் கூட்டம் உள்ள வீரன் சந்தா சுவருக்குப் பின்னால் போனாலும் கூட்டம் கூடவே போகும். வரவேற்பறையை நம்பியவன் போனால் வரவேற்பறை கூட வராது. அது வேறு சேனலுக்கு மாறிவிடும். ஆகவே ஒரே வியாபார முடிவு ஹாட்டனுக்கு லாபமாகவும் கானுக்கு நஷ்டமாகவும் ஆனது. நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சம்பந்தம் நேராக இல்லை, சுற்றி வளைத்து வருகிறது.

மீதிக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2011 கடைசியில் லமோன்ட் பீட்டர்சனிடம் பட்டம் போனது. 2012ல் டேனி கார்சியா நாலாவது ரவுண்டில் முடித்தார். 2016 மே மாதம் தன்னை விட நன்றாகவே பெரிய உடம்புக்காரரான கனேலோ அல்வரேஸோடு மோதி, ஐந்து ரவுண்டு அழகாக விளையாடி, ஆறாவதில் ஒரே வலதுகைக் குத்தில் மல்லாந்தார். அந்தத் துணிச்சலுக்கு ஒரு சலாம். 2022 பிப்ரவரியில் ஷெஃபீல்டின் கெல் புரூக்கோடு, பத்து வருஷம் வாயாலேயே நடந்த சண்டை ஒரு வழியாக ரிங்கில் நடந்தது, இருவருக்கும் வயது 35. கான் தோற்றார், ஓய்வு பெற்றார். 40 சண்டையில் 34 வெற்றி. அந்தக் கடைசிச் சண்டைக்குப் பின் எடுத்த பரிசோதனையில் ஆஸ்டரின் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாக 2023ல் இரண்டு வருஷத் தடை. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று தீர்ப்பாயம் ஒத்துக்கொண்டாலும் தடை தடைதான்.

ஆனால் 2017ஐ விட்டுவிட்டேன், அதைச் சொல்லாமல் இந்தப் பதிவு முழுமை ஆகாது. அந்த வருஷம் ஐடிவியில், பிரபலங்களை ஆஸ்திரேலியக் காட்டுக்குள் விட்டுப் பூச்சி தின்ன வைக்கும் நிகழ்ச்சியில் கான் கலந்துகொண்டார். பாம்பைக் கண்டு அலறினார். இன்னொரு போட்டியாளரோடு சேர்ந்து, முகாமில் எல்லோருக்கும் வரவேண்டிய ஸ்ட்ராபெரியையும் க்ரீமையும் இரண்டு பேராகத் தின்றுவிட்டு, எதுவும் தெரியாத மாதிரி திரும்பி வந்தார். அது பிரிட்டனில் பல நாள் செய்தி! மைதானா சண்டைக்குக் கிடைக்காத தலைப்பெல்லாம் ஸ்ட்ராபெரிக்குக் கிடைத்தது. சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் யோசித்தால், 2004ல் அவரைத் தத்தெடுத்த அதே வரவேற்பறை, அதே மாதிரி இலவச சேனல், பல வருஷம் கழித்து அவரை மறுபடி பார்த்தது. பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டது.

அந்தோணி ஜோஷ்வாவைச் சொல்லி என் வாதத்தை உடைக்கப் பார்ப்பீர்கள். 2017ல் வெம்ப்ளியில் 90,000 பேர் முன்னால் க்ளிட்ச்கோவைச் சாய்த்தார், எல்லாம் கட்டண டிவிதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜோஷ்வாவை முதலில் அறிமுகப்படுத்தியது எது? 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் தங்கம், பிபிசியில், நாடே விடுமுறை மனநிலையில் டிவி முன் உட்கார்ந்திருந்த இரண்டு வாரம். அந்த முதலீட்டை வைத்துத்தான் பிறகு வியாபாரம்.

இப்போது மோசஸ் இட்டாமா என்று ஒரு ஹெவிவெயிட் பையன் இருக்கிறார். பிறந்தது 2004 டிசம்பர், அதாவது கான் ஏதென்ஸிலிருந்து வெள்ளியோடு திரும்பி நாலு மாதம் கழித்து. இவர் ஒலிம்பிக்ஸ் பக்கமே போகவில்லை, 18 வயதில் நேராக ப்ரொஃபஷனல். 2025 ஆகஸ்டில் ரியாத்தில் அனுபவசாலி டிலியன் வைட்டை முதல் ரவுண்டிலேயே, இரண்டு நிமிடம் கூட ஆகாமல் தரையில் கிடத்தினார். 20 வயதில் கான் இருந்த இடத்தை விட, ரிங்குக்குள் மட்டும் பார்த்தால், இவர் நன்றாகவே முன்னால் இருக்கிறார் என்று தோன்றுகிறது. சண்டை வந்தது 'டாஸோன்' என்ற சந்தா செயலியில்.

"இப்ப யாருடா டிவி பாக்குறா, ரெண்டு நிமிஷ க்ளிப் எல்லாருக்கும் ஃபோன்ல வந்துடும்" என்று நீங்கள் சொல்லலாம். சண்டையே இரண்டு நிமிடம் என்பதால் க்ளிப்பில் முழுச் சண்டையும் அடங்கிவிடும் என்பதும் உண்மைதான். எனக்கும் அது ஃபோனில்தான் வந்தது. ஆனால் எனக்கு வந்ததற்குக் காரணம், நான் ஏற்கனவே குத்துச்சண்டை பார்க்கிறவன் என்று அந்த ஃபோனுக்குத் தெரியும். பாட்டியின் ஃபோனுக்கு அதை யார் அனுப்புவார்கள்?